சோத்தாங்கைத் துகள்கள்

சதுரங்கப்பட்டினம்
3 ஜூன் 2025

மதிப்பிற்குரிய முனைவர் பிரியங்கா அவர்களுக்கு,

தாங்கள் எழுதியதாகச் சொல்லப்படும் ‘வன்விசையும் மென்விசையும்: ஓர் அறிமுகம்’ கிடைத்தது. தாங்கள் அனுப்பவில்லை. செங்கல்பட்டில் பதிப்பாளர் சின்னராசுவின் கடைக்கு நானே போய் வாங்கிவந்தேன். அட்டையில் தங்கள் பெயர் இருக்கிறது. என் பெயரைத் தேடினேன். நன்றியுரையின் அடியில், அட்டைப்படம் வரைந்தவருக்கும் கீழே, ‘தட்டச்சு உதவி: செல்வி சங்கவி’ என்று இருந்தது.

தாங்களாவது மண்ணாங்கட்டியாவது. இனி ‘நீ’தான்.

தட்டச்சு உதவியாடி நான்? ஒன்பது அத்தியாயத்தில் முதல் ஏழையும் எழுதினவள் நான். எம்.எஸ்சி. படிக்கும்போதே நாம் இரண்டு பேரும் பேசிவைத்த புத்தகம் இது. தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் அணுவுக்குள்ளே நடப்பதைப் பயப்படாமல் படிக்க ஒரு புத்தகம் வேண்டும் என்றோம். அட்டையில் இரண்டு பெயர் என்பதும் அப்போதே முடிவானது. அதற்காகத்தான் நான் பாதியில் விட்ட ஆராய்ச்சியை நினைத்து அழாமல், டியூஷன் பிள்ளைகள் போனபிறகு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்தேன். புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள், அவற்றைக் கட்டிப்போட்டிருப்பது வன்விசை. மின்விசை விலக விலகக் குறையும், வன்விசை குறையாது. ஒரு குவார்க்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால், நாம் செலவழித்த ஆற்றலே புதிதாக ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்குமாக மாறி அதனோடு ஒட்டிக்கொள்ளும். தனிக் குவார்க் யார் கையிலும் சிக்காது. இதெல்லாம் நான் எழுதினது. ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

இதுவரைக்கும் படித்ததில் ஐந்தாம் அத்தியாயத்தில் மட்டும் கைவைத்திருக்கிறாய். மென்விசை ஏன் இத்தனை குட்டையான தூரத்துக்கு மேல் எட்டுவதில்லை? அதைச் சுமந்துபோகிற டபிள்யூ, இசட் துகள்கள் கனமானவை. மின்விசையைச் சுமக்கிற ஒளித்துகளுக்கு நிறையே இல்லை. கூடை நிறைய மீன் வைத்திருப்பவள் அடுத்த தெருவோடு நின்றுவிடுவாள், வெறுங்கையோடு கிளம்பினவள் திருக்கழுக்குன்றம் வரைக்கும் போவாள் என்று எழுதியிருந்தேன். அந்த மீன் கூடை உன் புத்தகத்தில் ‘கனமான பை’ ஆகியிருக்கிறது. ஏன், மீன் நாறுகிறதா உனக்கு?

அடுத்த அச்சில் என் பெயர் அட்டையில் வர வேண்டும். உன் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். போனில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. எழுத்தில் பதில் போடு.

சங்கவி

*

படூர்
11 ஜூன் 2025

சங்கவி,

உன் கடிதம் கல்லூரி முகவரிக்கு வந்தது. துறை அலுவலகத்தில் யாரும் பிரிக்காமல் விட்டது என் நல்ல நேரம். இனி வீட்டுக்கு எழுது.

ஏழு அத்தியாயம் நீ எழுதினாய். நான் மறுக்கவில்லை. எப்படி எழுதினாய் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது. எட்டாம் அத்தியாயத்தை இதோ தருகிறேன், அதோ தருகிறேன் என்று இழுத்தடித்து, கடைசியில் பதிலே போடாமல் இருந்துவிட்டாய். கடைசி இரண்டையும் நான் எழுதினேன். பிரபஞ்சம் கொதித்துக்கொண்டிருந்த முதல் கணத்தில் மின்விசையும் மென்விசையும் ஒரே விசையாக இருந்தன. அது குளிர்ந்தபோது ஹிக்ஸ் புலம் டபிள்யூவுக்கும் இசட்டுக்கும் நிறையைக் கொடுத்தது, ஒளித்துகளை விட்டுவிட்டது. ஒரே விசை இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது அங்கேதான். இந்த ஒரு பக்கத்தை எழுத நான் எத்தனை ராத்திரி முட்டிமோதினேன் என்று உனக்குத் தெரியாது. சின்னராசுவிடம் நடையாய் நடந்ததும் நான்தான்.

ஆனால் உன் பெயரை எடுத்ததற்கு அது காரணம் இல்லை. வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஏன் என்று உனக்கும் தெரியும்.

இந்தப் படூர் வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்று பந்தியில் என் மாமியார் விஜயகுமாரி இருந்தார். என் துறைத் தலைவர் லட்சுமணன் சார் இருந்தார். கருங்குழியிலிருந்து லாரி வேலையை விட்டுவிட்டு வந்த என் அப்பா இருந்தார். சார் என்னைப் பற்றி நல்லவிதமாகத்தான் ஏதோ சொன்னார். நீ இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டே, “இவளா சார்? படிகம் வளர்த்து டாக்டரு ஆனவ. உப்பு காய்ச்சறதுக்கு ஒரு பட்டம். குவார்க்குன்னா இன்னான்னு கேளுங்க, முழிப்பா” என்றாய். பந்தியே சிரித்தது. என் அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், அவருக்கு எதற்கு என்று புரியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை உப்பு டாக்டர் என்றுதான் சொல்கிறார். லட்சுமணன் சார் முதுகலை வகுப்பை என்னிடமிருந்து எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்தார். நீ கை கழுவிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாய்.

‘தட்டச்சு உதவி’ என்ற வார்த்தையை யோசித்துத்தான் போட்டேன். நீ ஒரு வாக்கியத்தில் என்னை ஒன்றுமில்லாதவள் ஆக்கினாய், நான் இரண்டு வார்த்தையில் உன்னை ஆக்கினேன். சரிக்குச் சரி. அட்டை மாறாது. ஜூலையில் செங்கல்பட்டுக் கல்லூரி ஒன்றில் இந்த நூலுக்குக் கூட்டம் வைக்கிறார்கள், தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இதையே பாடநூலாக்கப் போகிறார்கள்.

இழுக்க இழுக்க விடாத விசை என்று நீ எழுதியிருக்கிறாய். நாமும் அப்படித்தான் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். நான் விட்டுவிட்டேன்.

பிரியங்கா

*

சதுரங்கப்பட்டினம்
20 ஜூன் 2025

பிரியங்கா,

விசையை வைத்து நம் கதையைப் பேசாதே. குவார்க்குக்குக் கோபமும் கிடையாது, மாமியாரும் கிடையாது.

பந்தியில் நான் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன். சொன்னது உண்மை என்று இப்போது காட்டுகிறேன். உன் புத்தகத்தில் ஏழாம் அத்தியாயத்தை எடு.

துகளுக்குச் சுழற்சி என்று ஒரு குணம் உண்டு. அது ஓடுகிற திசையில் கட்டைவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்கிப் பார். சுழற்சி வலது கை விரல்கள் மடங்குகிற பக்கம் இருந்தால் அது வலக்கைத் துகள், இடது கை விரல்கள் மடங்குகிற பக்கம் இருந்தால் இடக்கைத் துகள். வேகமாக ஓடுகிற துகளுக்கு இவ்வளவு போதும். மின்விசை இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், வன்விசையும் அப்படித்தான். டபிள்யூ துகள் வழியாக வேலை செய்கிற மென்விசை மட்டும் ஓரவஞ்சனை செய்யும். இடக்கைத் துகளைத்தான் தொடும், வலக்கையைத் திரும்பியும் பார்க்காது. எதிர்த்துகள் என்றால் நேர்மாறு. சூரியன் எரிவதற்கு ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும், அந்த மாற்றத்தைச் செய்வதே இந்த ஓரவஞ்சனைக்கார விசைதான். இயற்கைக்கு இடது வலது தெரியும் என்பது அறிவியலாளர்களுக்கே பெரிய அதிர்ச்சியாக இருந்தது. மின்விசையும் மென்விசையும் ஒன்று என்று கண்டவர்கள்கூட இதை அடியில் வைத்துத்தான் மேலே கட்டினார்கள்.

உன் புத்தகம் என்ன சொல்கிறது? ‘மென்விசை வலக்கைத் துகள்களை மட்டுமே தொடும்.’ ஒரு இடத்தில் இல்லை, அத்தியாயம் முழுக்க அப்படியே.

எப்படி வந்தது தெரியுமா? விடுதி மெஸ்ஸில் நான் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு சமையல் செய்கிற தனகோடி அக்கா கரண்டியோடு வந்து நின்றது. “இன்னாம்மா, பீச்சாங்கையால துன்னுகினு கீறே?” என்று கேட்டது. “எனக்கு இதான்க்கா சோத்தாங்கை” என்றேன். நீதான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாய். ஊருக்கெல்லாம் சோறு தின்கிற வலது கை சோத்தாங்கை, நம் இரண்டு பேருக்கு மட்டும் அன்றிலிருந்து என் இடது கைதான் சோத்தாங்கை. பரீட்சைக்குப் படிக்கும்போது மென்விசை சோத்தாங்கைக் கட்சி என்று நீயே சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாய். பெஞ்சில் உன் முழங்கையும் என் முழங்கையும் இடிக்க இடிக்க ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவள் நீ.

அதனால் எழுதும்போது சோத்தாங்கை என்றே எழுதினேன். உனக்குத் தெரியும், அச்சுக்கு முன்னால் ‘இடக்கை’ என்று மாற்றிவிடுவாய் என்று நினைத்தேன். உனக்கு ஊர்ப் பேச்சு அசிங்கமாகப் பட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் சோத்தாங்கையை எல்லாம் வலக்கை, பீச்சாங்கையை எல்லாம் இடக்கை என்று மாற்றிவிட்டாய். மாற்றினதற்குப் பிறகு ஒரு வரியாவது படித்தாயா? உன் பெயரில் வந்திருப்பது நிலைக்கண்ணாடிக்குள் தெரிகிற உலகம்.

ஜூலைக் கூட்டத்துக்கு நான் வருவேன். எழுந்து நின்று ஒரே கேள்வி கேட்பேன், மென்விசைக்கு எந்தக் கை என்று. அதற்கு முன்னால் என் பெயரை அட்டையில் போடுவதாக எழுதிக் கொடுத்தால் வாயைத் திறக்க மாட்டேன். இல்லாவிட்டால் உன் மானம் கப்பலேறுவதை உன் லட்சுமணன் சாரும் பார்க்கட்டும்.

சங்கவி

*

படூர்
28 ஜூன் 2025

சங்கவி,

பார்த்தேன். வேறு நூல்களையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. மெஸ் கதையை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

நீ அச்சுக்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எழுத வந்தேன். நான் உன்னிடம் கேட்கவே இல்லை என்பதும் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

நேராகக் கேட்கிறேன். எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று குறித்து அனுப்பு. ஒரு பிழைதிருத்தத் தாள் அடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டிவிடுகிறேன். அடுத்த அச்சில் உள்பக்கத்தில் ‘இணைந்து உதவியவர்: சங்கவி’ என்று போடுகிறேன், தட்டச்சு என்ற வார்த்தை இருக்காது. அட்டையை மட்டும் கேட்காதே. லட்சுமணன் சார் அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் முதுகலை வகுப்பை எனக்குத் திரும்பக் கொடுத்திருக்கிறார். அதில் உன் பெயரும் ஏறினால், பந்தியில் நீ சொன்னது சரியாகிவிடும். மாமியார் இந்தப் புத்தகத்தை ஷோகேஸில் வைத்திருக்கிறார். உனக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு இந்த வீட்டில் நிமிர்ந்து நடக்க இப்போதுதான் முடிகிறது.

கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள். கூட்டத்துக்கு வராதே. வந்தால் நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டேன்.

பிரியங்கா

*

சதுரங்கப்பட்டினம்
15 ஜூலை 2025

அடி பாவி,

நீ செய்ததை உனக்கே எழுதுகிறேன், நாளைக்கு அப்படி நடக்கவே இல்லை என்று நீ சொல்லக் கூடாது.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். நான் எழுந்து, மென்விசை எந்தக் கைத் துகளைத் தொடும், புத்தகத்தில் வலக்கை என்று இருக்கிறதே என்று கேட்டேன். உன் முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன். நீ சிரித்தாய். “நல்ல கேள்வி. இடக்கைதான் சரி. புத்தகத்துல மாறி வந்திருக்கு. டைப் பண்ணவங்க கவனிக்கல. அவங்களே நேர்ல வந்து ஞாபகப்படுத்தறாங்க, பாவம், ரொம்ப நேர்மையானவங்க” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கைதட்டச் சொன்னாய். மொத்தக் கூட்டமும் எனக்குக் கைதட்டியது. லட்சுமணன் சாரும் தட்டினார்.

ஏழு அத்தியாயம் எழுதினவள் அந்த நிமிஷத்தில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் கையைத் தொட்டு, “பரவால்லக்கா, டைப் அடிக்கறப்ப ஆவறதுதான்” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளை அங்கேயே அறைந்துவிடலாம் போல இருந்தது. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். உன்னால் நான் அழுதது இதுதான் முதல் தடவை, இதுதான் கடைசியும்.

மறுநாளே வக்கீல் மணி மூலமாகச் சின்னராசுவுக்கும் உனக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். முதல் ஏழு அத்தியாயமும் என்னுடையவை. என் பெயர் அட்டையில் ஏறுகிறவரைக்கும் அவற்றில் ஒரு எழுத்தைக்கூட யாரும் திருத்தக் கூடாது. பிழைதிருத்தத் தாளும் ஒட்டக் கூடாது. மீறினால் வழக்கு. சின்னராசு நடுங்கிப்போனார். “உங்க எழுத்துன்னு சொல்றீங்க, நீங்க சொல்லாம நான் இன்னாத்துக்கும்மா கை வைக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டார்.

இனி அந்தப் பிழையோடு நீ குடித்தனம் நடத்து. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கட்டும். எத்தனை தடவை தட்டச்சுக்காரியைக் காட்டுவாய்? ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே மாதிரி கை தவறாது என்று ஒருநாள் யாராவது யோசிப்பார்கள். அந்த நாளுக்காக நான் காத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது என் பெயர். அது வராமல் உனக்கு நிம்மதி வராது.

சங்கவி

*

படூர்
8 அக்டோபர் 2025

சங்கவி,

இத்தோடு வருகிற பொட்டலத்தைப் பிரித்துவிட்டு இதைப் படி.

அது இரண்டாம் அச்சு. உன் பெயர் அட்டையில் இருக்கிறது. பக்கத்தில் என் பெயரைத் தேட வேண்டாம், எடுத்துவிட்டேன். இந்த நூல் சங்கவி எழுதியது, தவறுதலாக என் பெயரில் வந்துவிட்டது என்று சின்னராசுவுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கடைசி இரண்டு அத்தியாயங்கள் என்னுடையவை, அவற்றையும் எடுத்துக்கொண்டேன். நன்றியுரையும் கிடையாது.

லட்சுமணன் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், சரிம்மா, போ என்றார். முதுகலை வகுப்பு போய்விட்டது. மாமியார் ஷோகேஸைத் திறந்து புத்தகத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. நீ ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது, சந்தோஷப்படு.

இப்போது ஏழாம் அத்தியாயத்தைப் பார். ஒரு எழுத்தும் மாறவில்லை. உன் நோட்டீஸை வரி பிசகாமல் மதித்தோம். பெயர் ஏறுகிறவரைக்கும் திருத்தக் கூடாது என்றாய். உன் பெயர் ஏறியதும் அச்சு ஓடியதும் ஒரே நாள், நடுவில் திருத்த நேரம் இருக்கவில்லை. நோட்டீஸ் கையில் இருப்பதால் சின்னராசுவும் நிம்மதியாக இருக்கிறார்.

இந்த மூன்று மாதத்தில் அந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்போது எனக்கு அது தண்ணீர்பட்ட பாடு. நியூட்ரினோ எந்தக் கை, எதிர்நியூட்ரினோ எந்தக் கை, எந்த வரியில் எந்தச் சொல் மாற வேண்டும், எல்லாம் தெரியும். உன்னைக் கேட்காமலே நான் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

பாடநூலாக்க ஒப்புதல் நூலின் தலைப்புக்குத்தான் கிடைத்தது, என் பெயருக்கு இல்லை. அதனால் இந்த அச்சுதான் கல்லூரிகளுக்குப் போயிருக்கிறது, போன வாரமே பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. உன் ஊர் நூலகத்துக்கும் நான் அனுப்பிவைத்தேன். உன் டியூஷன் பிள்ளைகள் எங்க மிஸ் எழுதின புத்தகம் என்று எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா.

யாராவது கேட்டால் டைப் அடித்தவளைக் காட்டலாம் என்று தேடாதே. அந்தப் புத்தகத்தில் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

பிரியங்கா